மறைவில் வளரும் துரு



மோட்டார் வண்டி என்றதும் நம் மனம் முதலில் நினைப்பது அதன் வேகத்தை. எஞ்சினின் ஆற்றல் எவ்வளவு, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றே எல்லோரும் கேட்கிறோம். எவ்வளவு தூரத்திற்குள் நிற்கும் என்று கேட்பவர் சிலரே. ஆயினும், எஞ்சின் பழுதுபட்ட வண்டி சாலையோரத்தில் நின்றுவிடும். அதனால் நேரும் தொல்லை பெரும்பாலும் காலதாமதம் ஒன்றுதான். பிரேக் பழுதுபட்ட வண்டியோ நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது. அதனால் உயிர்ச்சேதமே நேரலாம். ஆகவே, ஓட்டும் உறுப்புகளைப் போற்றுவதினும் நிறுத்தும் உறுப்புகளைக் கண்ணுங் கருத்துமாகப் பேணுதல் இன்றியமையாதது.

அந்த நிறுத்தும் உறுப்புகளுக்குக் கொடிய பகை ஒன்று உண்டு. அது துரு. குளிர்மிகுந்த நாடுகளில், பனிக்காலத்தில், அப்பகை பன்மடங்கு வலிமை பெறுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியிலும் கனடாவிலும் பனிக்காலத்தில் ஓடும் கார்களின் பிரேக்குகளும் சக்கரக் குடங்களும் எவ்வாறு துருப்பிடிக்கின்றன, அதனைத் தடுக்கும் வழி யாது, துருவேறி இறுகிப்போனவற்றை எவ்வாறு விடுவிப்பது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

‘பனி பெய்யாத ஊரில் வாழும் நமக்கு இது எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். நம் மாணவர் பலர் இன்று மேற்படிப்பின் பொருட்டு அந்நாடுகளுக்குச் செல்கின்றனர். சென்ற சில மாதங்களுக்குள் குறைந்த விலைக்குப் பழைய கார் ஒன்றை வாங்குவோரும் அவர்களுள் உண்டு. அவ்வாறு வாங்கும் கார் பத்துப் பன்னிரண்டு பனிக்காலங்களைக் கண்டதாக இருக்கலாம். மேலே வண்ணம் பளபளவென்று மின்னும். அடியில் என்ன நடந்திருக்கிறது என்பதை வாங்குபவர் அறியார். அத்தகையோருக்கு இச்செய்தி நேரே பயன்படும். ஊரிலேயே இருப்போருக்கும், இரும்பு துருப்பிடிக்கும் முறைமையை அறிந்துகொள்ளுதல் நல்ல பாடமேயாகும்.

முதலில் ஓர் ஊரைப் பார்ப்போம். மிஷிகன் மாநிலத்திலுள்ள டெட்ராயிட் நகரம் மோட்டார் வண்டித் தொழிலின் தலைநகர் எனப் பெயர்பெற்றது. ஹென்றி ஃபோர்டின் புகழ்பெற்ற ‘மாடல் டி’ கார் 1908-ஆம் ஆண்டில் முதன்முதல் உருவானது அந்நகரத்தில்தான். அதே நகரத்தின் அடியில், ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில், பண்டைக் கடல் ஒன்று வற்றியதால் படிந்த உப்புப் பாறை பரந்து கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே சுரங்கம் வெட்டி உப்பு எடுத்து வருகின்றனர். அவ்வுப்பின் முக்கியமான பயன், பனிக்காலத்தில் சாலைகளின்மீது தூவப்படுவது. கார்களைச் செய்து உலகெங்கும் அனுப்பிய ஊரின் காலடியிலேயே அக்கார்களை அரித்துத் தின்னும் பொருளும் கிடப்பது வியப்பன்றோ?

சாலையில் உப்பை ஏன் தூவுகின்றனர்? தூய நீர் 0 டிகிரி செல்சியசில் உறையும். உப்புக் கரைந்த நீர் அவ்வெப்பநிலையில் உறையாது. எடையில் ஏறத்தாழ 23 சதவீதம் உப்புக் கரைந்த நீர், சுழிக்குக் கீழே 21 டிகிரி வரையிலுங்கூட நீராகவே நிற்கும். எனவே பனிக்கட்டி மூடிய சாலையில் உப்பைத் தூவினால், பனிக்கட்டி இளகிச் சாலையை விட்டுப் பிரிகிறது. சுழிக்குக் கீழே 10 டிகிரிக்கும் குளிர் மிகுந்தால் சாதாரண உப்பின் வேலை மந்தமாகிவிடும். அப்போது கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு முதலிய வேறு உப்புகளைப் பயன்படுத்துகின்றனர்.

இவ்வழக்கம் மிகப் பழமையானதன்று. 1941-42-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், சாலைகளில் உப்பிடுவதைத் தன் பொதுவான கொள்கையாக முதன்முதல் மேற்கொண்டது. அந்தப் பனிக்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகள் அனைத்திலும் தூவிய உப்பு 5,000 டன் மட்டுமே. 1955-ஆம் ஆண்டில் அது பத்து லட்சம் டன்னாகப் பெருகிற்று. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு கோடி டன்னை நெருங்கியது. இன்றோ அதற்கும் மேலே சென்றுவிட்டது.

இவ்வுப்பைப் பழித்துப் பயனில்லை. வழுக்கும் பனிச்சாலையில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதி மடிவதை அது தடுக்கிறது. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கும் வழி திறந்துவிடுகிறது. ஆனால் சாலையில் உயிரைக் காக்கும் அதே உப்பு, சக்கரம் வாரியிறைக்கும் சேற்றோடு கலந்து வண்டியின் அடிப்புறம் எங்கும் படிகிறது. உயிரைக் காக்கும் பிரேக்கை அரிக்கிறது. ஒரு நன்மைக்கு நாம் கொடுக்கும் விலை இது. விலை இன்னதென்று அறிந்தவன்தான் அதனைக் குறைக்கும் வழியையும் தேடுவான்.

இனி, துரு எவ்வாறு உண்டாகிறது என்று காண்போம். இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு பிறக்கும். இது பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்ததே. துருப்பிடித்தல் உண்மையில் ஒரு சிறு மின்கலத்தின் செயலாகும். இரும்பின் ஒரு பகுதி எலெக்ட்ரான்களை இழந்து நீரிற் கரைகிறது; மற்றொரு பகுதியில் பிராணவாயு அந்த எலெக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்கிறது. இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே மின்னோட்டம் எளிதாகச் செல்லவேண்டுமானால் நீரில் அயனிகள் இருக்கவேண்டும். தூய நீரில் அவை மிகக் குறைவு. உப்புநீரிலோ நிறைய உண்டு. உப்பு இரும்பைத் தானே தின்பதில்லை. தின்னும் செயலுக்குப் பாதை வகுத்துக் கொடுக்கிறது.

இங்கே மிக நுட்பமான உண்மை ஒன்று உள்ளது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் என்னும் விஞ்ஞானி 1920-களில் எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டினார். நன்றாகத் துலக்கிய இரும்புத் தகட்டின்மீது உப்புநீர்த் துளி ஒன்றை இடுகிறோம். அந்நீரில் ஃபீனால்ஃப்தலீன், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்னும் இரு பொருள்களைச் சிறிது கலந்திருக்கிறோம். சற்று நேரத்தில் துளியின் ஓரம் இளஞ்சிவப்பாகவும் நடுப்பகுதி நீலமாகவும் மாறுகின்றன. காற்று எளிதிற் புகும் ஓரத்தில் பிராணவாயு எலெக்ட்ரான்களைப் பெறுவதை இளஞ்சிவப்பு காட்டுகிறது. காற்று அரிதாகப் புகும் நடுவிலேதான் இரும்பு கரைகிறது என்பதை நீலம் காட்டுகிறது. ஆசிரியரின் துணையோடு உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இச்சோதனையை நீங்கள் செய்து பார்க்கலாம்.

இதன் பொருள் யாது? பிராணவாயு மிகுந்த இடமே விரைவில் அரிபடும் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. உப்புநீர் படிந்த இரும்பில் காற்றுக்கு எட்டாத இடமே ஆழமாக அரிக்கப்படுகிறது. இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடுக்கு, சேறு ஒட்டிக் கிடக்கும் மூலை, கவ்விப் பிடித்த குழாயின் அடிப்புறம் ஆகியவையே துரு விரும்பிக் குடியேறும் இடங்கள். கண்ணுக்குத் தெரியும் துருவைவிட, இடுக்கில் மறைந்து வளரும் துருவே அஞ்சத்தக்கது. இன்று நான் சொல்லவந்தவற்றுள் தலையாயது இதுவே.

மற்றுமொரு தன்மையையும் அறிய வேண்டும். துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதன் பருமன் இரும்பின் பருமனைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இருக்கக்கூடும். வெளிப்பரப்பில் வளரும் துரு உதிர்ந்து விழும். இடுக்கில் வளரும் துருவுக்கு விழ இடமில்லை. எனவே அது ஆப்புப்போல இரு பரப்புகளையும் நெருக்குகிறது. நகரவேண்டிய உறுப்பு நகராமல் இறுகிப்போவதும், கழற்றவேண்டிய உறுப்பு கழல மறுப்பதும் இதனால்தான்.

இப்போது வண்டிச் சக்கரத்தினிடம் வருவோம். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் வந்து பொருந்தும் கட்டையைக் குடம் என்கிறோம். மோட்டார் வண்டியிலும் அவ்வாறே ஒரு குடம் உண்டு. அது எஃகினால் ஆகியது. உள்ளே பேரிங் அமைந்தது. அதன் முகப்பு வட்டமான தட்டையான பரப்பாக இருக்கும். அப்பரப்பின்மீது முதலில் பிரேக்கின் வார்ப்பிரும்புத் தட்டு பொருந்துகிறது. அதன்மேல் சக்கரம் பொருந்துகிறது. நான்கு அல்லது ஐந்து மரையாணிகளும் நட்டுகளும் இம்மூன்றையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன.

குடத்துக்கும் தட்டுக்கும் இடையே, தட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே, தலைமயிர் நுழையவும் இடமிராது. ஆயினும் உப்புநீர் நுழைந்துவிடுகிறது. சக்கரம் அலுமினியக் கலவையால் ஆகியதாயின் தீங்கு மேலும் ஒரு படி ஏறுகிறது. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொடும்போது, அவற்றுள் எளிதில் எலெக்ட்ரானை விடும் உலோகம் மற்றதற்காகத் தன்னை இழக்கிறது. அலுமினியம் வெண்பொடியாகப் பொரிந்து குடத்தின் நடுமேட்டைக் கவ்விக்கொள்கிறது. நட்டுகள் அனைத்தையும் கழற்றிய பின்னரும் சக்கரம் அசையாமல் நிற்பதைக் கண்டு புதியவர்கள் திகைப்பது இதனால்தான். நள்ளிரவில், பனிச்சாலையின் ஓரத்தில், காற்றிழந்த சக்கரத்தை மாற்ற முயலும் ஒருவருக்கு இதைவிடப் பெருந்துன்பம் வேறில்லை.

பிரேக்கின் அமைப்பையும் சுருங்கச் சொல்லுகிறேன். சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இருபுறமும் இரண்டு பட்டைகள் கவ்வுகின்றன. அப்பட்டைகளுக்கு ‘பேடு’ என்று பெயர். அவற்றைத் தாங்கிக் கவ்வச் செய்யும் உறுப்பு காலிப்பர். காலில் மிதிக்கும் விசையை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு செல்வது, எஃகுக் குழாய்களில் நிரம்பிய பிரேக் திரவம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் ஒரே அளவாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்விதியின் மிகச் சிறந்த பயன்களுள் ஒன்று உங்கள் காலடியில் இருக்கும் இந்த மிதியே. சில கார்களின் பின்சக்கரங்களில் தட்டுக்குப் பதிலாக டிரம் இருக்கும். அதனுள்ளே ஷூக்கள் விரிந்து உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும்.

இரவு முழுவதும் ஈரத்தில் நின்ற காரின் பிரேக் தட்டு, காலையில் செம்மஞ்சள் நிறமாகத் தோன்றும். அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. புறப்பட்டவுடன் மெதுவாகச் சென்று நான்கைந்து முறை பிரேக்கை அழுத்தினால் அம்மெல்லிய துரு தேய்ந்து போய்விடும். அஞ்சவேண்டிய துரு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, காலிப்பர். அது தன் இடத்தில் சிறிதளவு முன்னும் பின்னும் வழுக்கி நகரவேண்டும். அதற்கென இரண்டு ஊசிகள் உள்ளன. அவற்றைக் காக்கும் ரப்பர் உறை கிழிந்தால் உப்புநீர் புகுந்து ஊசி இறுகிவிடும். பேடுகள் அமர்ந்திருக்கும் வரம்புகளிலும் துரு பருத்துப் பேடுகளை நகரவொட்டாமல் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒருபுறத்துப் பேடு விரைவில் தேய்ந்து போகும். மறுபுறம் சரியாகக் கவ்வாது. சில வேளை காலை எடுத்த பின்னும் பேடு தட்டை விட்டு விலகாது, சக்கரம் கொதிக்கும், கருகிய நாற்றம் வீசும், பிரேக்கை அழுத்தும்போது வண்டி ஒருபக்கமாக இழுக்கும். வழுக்கும் சாலையில் இவ்விழுப்பு வண்டியைச் சுழற்றிவிடவும் கூடும்.

இரண்டாவது, எஃகுக் குழாய்கள். இவை வண்டியின் அடியில் நீண்டு செல்கின்றன. கவ்விகள் பிடித்திருக்கும் இடங்களில் சேறும் உப்பும் தங்கி, எவன்ஸ் காட்டிய முறைப்படியே, குழாயை மறைவில் அரிக்கின்றன. மெல்ல மிதிக்கும்போது குழாய் தாங்கும். ஒரு குழந்தை குறுக்கே ஓடிவர, ஓட்டுபவர் முழுப் பலத்தோடு மிதிக்கும் அந்தக் கணத்தில்தான் அழுத்தம் மிகுந்து குழாய் வெடிக்கும். மிகவும் தேவையான நேரத்தில் கைவிடுவது இதன் கொடுமை. 1968 முதல் அமெரிக்கக் கார்களில் பிரேக் குழாய்கள் இரண்டு தனித்தனிப் பிரிவுகளாக அமைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒன்று போனாலும் மற்றொன்று ஓரளவு காக்கும். ஆனால் நிற்கும் தூரம் மிகவும் நீண்டுவிடும். 2015-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், இக்குழாய்களின் துருவைப் பற்றி ஆராய்ந்து, உப்பிடும் மாநிலங்களில் பழைய வண்டி வைத்திருப்போர் அடிப்புறத்தைக் கழுவவும் குழாய்களைச் சோதிப்பிக்கவும் வேண்டும் என்று பொதுமக்களுக்கு அறிவுரை வெளியிட்டது.

மூன்றாவது, குடத்தின் முகப்பு. அதில் சிறு துருச்செதில் ஒன்று தங்கியிருக்க, அதன்மேல் புதிய பிரேக் தட்டைப் பொருத்தினால் தட்டு நேராக அமராது. சுழலும்போது ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்ன அளவே அது அசைந்தாலும், நாளடைவில் தட்டு ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்து, பிரேக்கை மிதிக்கும்தோறும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும். சக்கரத்துக்கும் இது பொருந்தும். துருவின்மேல் சக்கரத்தை வைத்து நட்டுகளை எவ்வளவு இறுக்கினாலும், ஓடும்போது அத்துருத்தூள் நசுங்கி உதிர, நட்டுகள் தளர்ந்துவிடும். சக்கரமே கழன்று ஓடும் விபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

நோய் இன்னதெனக் கண்டோம்; இனி மருந்தைக் காண்போம்.

மருந்துக்கு ஏற்ற காலம் இலையுதிர் காலம். பனி விழுவதற்கு முன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச்சு 15 வரை கார்களில் பனிக்கால டயர்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாத இடங்களிலும் பலர் அவ்வழக்கத்தைப் பின்பற்றுகின்றனர். ஆகவே ஆண்டுக்கு இருமுறை சக்கரங்கள் கழற்றப்படுகின்றன. அறிவுடையவர் அந்த இரண்டு வேளைகளையும் வீணாக்குவதில்லை. சக்கரத்தைக் கழற்றியதும் குடத்தின் முகப்பையும் சக்கரத்தின் உட்பரப்பையும் கம்பித் தூரிகையாலோ உப்புத்தாளாலோ உலோகம் தெரியும்வரை தேய்க்கின்றனர். பின்னர், இறுகாமல் தடுக்கும் பசையைக் குடத்தின் நடுமேட்டில் மிக மெல்லியதாகத் தடவுகின்றனர். பசை அதிகமாயின் சுழற்சியில் தெறித்துப் பிரேக் தட்டின்மேல் விழும். தட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. மரையாணிகளின் புரிகளில், வண்டிக்குரிய கையேடு சொன்னாலன்றி, எதனையும் தடவக்கூடாது. புரி வழுவழுப்பாயின் அளவுக்கு மீறி இறுகி மரையாணி நீண்டு பலமிழக்கும்.

அதே வேளையில் காலிப்பரின் ஊசிகளை வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்றே செய்த கிரீஸைத் தடவவேண்டும். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த சாதாரண கிரீஸ் அங்குள்ள ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். பிரேக்கிலுள்ள தூளை வாயால் ஊதுவதோ காற்றுக் குழாயால் அடிப்பதோ தீது. பழைய பேடுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அத்தூள் நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

பிரேக் திரவத்தையும் மறந்துவிடலாகாது. அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. மூன்றாம் தரத் திரவம் என வழங்குவது, புதியதாயிருக்கையில் 205 டிகிரி செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது என்பது விதி. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்த பின் அவ்வெல்லை 140 டிகிரியாகத் தாழ்ந்துவிடுகிறது. உறிஞ்சிய நீர் குழாய்களையும் உருளைகளையும் உள்ளிருந்தே துருப்பிடிக்கவும் செய்கிறது. அதனால் இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுமாறு பல கையேடுகள் கூறுகின்றன.

பனிக்காலம் நடக்கும்போது செய்யவேண்டியது, அடிப்புறத்தைக் கழுவுதல். இங்கும் விஞ்ஞானம் ஒரு வியப்பைக் காட்டுகிறது. குளிரில் வெளியே நிற்கும் காரைவிட, வெதுவெதுப்பான கொட்டகையில் நிற்கும் உப்புப் படிந்த கார் விரைவாகத் துருப்பிடிக்கிறது. ரசாயன மாறுதல்கள் பொதுவாக வெப்பத்தில் விரைவு பெறுவன. பத்து டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. எனவே கொட்டகை வைத்திருப்பவர் காரைக் கழுவாமல் உள்ளே விடுவது, நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்வதாகும். உறைநிலைக்குச் சற்று மேலே வெயில் எழும் நாளைத் தேர்ந்து, சக்கரங்களின் உட்புறமும் வண்டியின் அடிப்புறமும் நன்றாக நனையும்படி நீர் பாய்ச்சவேண்டும். கழுவிய உடனே நிறுத்திவிடாமல் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கைப் பலமுறை மெல்ல அழுத்தினால், உராய்வின் சூட்டில் ஈரம் உலரும்.

கைப்பிரேக்கைப் பற்றி ஒரு சொல். உருகிய பனிச்சேற்றில் ஓட்டிவந்து, உறையும் இரவில் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு உறங்கினால், காலையில் ஷூ டிரம்மோடு ஒட்டி உறைந்து கிடக்கும். அத்தகைய இரவில் சமதளத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே நலம். ஆனால் இதற்கஞ்சிப் பனிக்காலம் முழுதும் கைப்பிரேக்கைத் தொடாமல் இருந்தால், அதன் கம்பி உறைக்குள் துருவேறி இறுகிவிடும். உலர்ந்த நாள்களில் அதனை அடிக்கடி இழுத்துவிட்டு வருவதே இதற்கு மாற்று.

இவ்வளவும் செய்யாத வண்டி ஒன்று நம் கைக்கு வந்து, சக்கரம் இறுகிக்கிடந்தால் என்ன செய்வது? முதல் விதி: ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் புகலாகாது. எஃகுத் தாங்கிகளை ஊன்றி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும். இரண்டாவது விதி: பொறுமை. துருவை ஊடுருவும் எண்ணெயைக் குடத்தின் நடுவளையத்தைச் சுற்றிச் சிறிதளவு இட்டு, அது பாய்வதற்கு நேரம் கொடுக்கவேண்டும். பிரேக் தட்டில் ஒரு துளியும் படக்கூடாது. நட்டுகளை முழுதும் கழற்றாமல் சில புரிகள் பிடித்திருக்கும்படி தளர்த்திவிட்டு, டயரின் ஓரத்தை எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிக் காலால் உதைக்கலாம். அல்லது பின்புறமிருந்து மரக்கட்டையால் தட்டலாம். விடுபட்ட சக்கரம் காலில் விழாமல் அந்நட்டுகள் காக்கும்.

இறுகிய டிரம்மையோ தட்டையோ விடுவிக்கும்போது சம்மட்டியால் ஓங்கி அடிப்பவர் உண்டு. அந்த அடி குடத்தின் உள்ளேயுள்ள பேரிங்கின் வழவழப்பான தடத்தில் வடுவை உண்டாக்கும். சில நாளில் சக்கரம் இரையத் தொடங்கும். அதற்குப் பதிலாகப் பல டிரம்களிலும் தட்டுகளிலும் புரி வெட்டிய இரண்டு சிறு துளைகளை அமைத்திருக்கின்றனர். அவற்றில் போல்ட்டுகளைப் புகுத்தி, இருபுறமும் சமமாகச் சிறிது சிறிதாகத் திருகினால், அவை குடத்தின்மீது ஊன்றி டிரம்மை மெல்லத் தள்ளி எடுத்துவிடும். வலிமை செய்யமாட்டாததை முறை செய்துவிடுகிறது! தீயால் சூடேற்றி விடுவிக்கும் முறையும் உண்டு. ஆனால் ரப்பர்க் குழாயும் திரவமும் எண்ணெயும் அருகிலிருப்பதால், அதனைத் தேர்ந்த தொழிலாளரிடமே விட்டுவிடுதல் வேண்டும். பிரேக் குழாய் அரிபட்டிருந்தால் அதனை ஒட்டுப்போடுவதற்கு முயலவே கூடாது, முழுதும் மாற்றவேண்டும்.

சக்கரத்தைத் திரும்பப் பூட்டும்போது நட்டுகளை வட்டமாக வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக, நட்சத்திர வடிவில் இறுக்கவேண்டும். அளவு காட்டும் ஸ்பானரைக் கொண்டு, கையேட்டில் கூறிய அளவுக்கே இறுக்கவேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் மீண்டும் ஒருமுறை சோதித்துவிட்டால் கவலையில்லை.

இவையெல்லாம் அரசாங்கம் கவனிக்கவேண்டிய பொறுப்பல்லவா என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டு முதல் பழைய கார்களுக்குக் கட்டாயச் சோதனை நடைபெற்று வருகிறது. இன்று அங்கே பெரும்பாலான கார்கள் மூன்று ஆண்டு கடந்ததும் ஆண்டுதோறும் அச்சோதனைக்கு உட்பட வேண்டும். ஆனால் நாம் முதலில் கண்ட டெட்ராயிட் நகரம் அமைந்த மிஷிகன் மாநிலத்தில், தனியார் கார்களுக்கு அத்தகைய காலமுறைச் சோதனை சட்டத்தில் இல்லை. உப்பும் பனியும் அங்கே நிறைய உண்டு. சோதிக்கும் அதிகாரி இல்லை. அங்கு வண்டியின் அடியில் குனிந்து பார்க்கவேண்டிய கண், வண்டிக்கு உரியவரின் கண்ணேயாகும். பழைய கார் வாங்கும் மாணவர், விலை பேசுவதற்கு முன், ஒரு தொழிலாளரிடம் சிறு தொகை கொடுத்து, காரை உயர்த்தி, பிரேக் குழாய்களையும் காலிப்பர்களையும் குடங்களையும் பார்க்கச் செய்வாரானால், அத்தொகையைப்போல் பயனுள்ள செலவு வேறொன்று இராது.

நண்பர்களே, வெளியே தெரியும் குறையை ஊரார் சுட்டிக்காட்டுவர். நாமும் உடனே திருத்திக்கொள்வோம். இரண்டு பரப்புகளுக்கு நடுவே, காற்றும் வெளிச்சமும் புகாத இடத்தில் வளரும் குறையை நாமே திறந்து பார்த்தாலன்றி அறிய முடியாது. ஆண்டுக்கு இருமுறை ஒரு சக்கரத்தைக் கழற்றுவதும், ஒரு தூரிகையால் தேய்ப்பதும், ஒரு குழாயின்மேல் விரலை ஓட்டிப் பார்ப்பதும் மிகச் சிறிய செயல்கள். மிதித்தவுடன் வண்டி நிற்கும் என்னும் நம்பிக்கையோடுதான் தெருவில் நடப்போர் அனைவரும் சாலையைக் கடக்கின்றனர். அவர்களுடைய அந்த நம்பிக்கையைக் காப்பவை இச்சிறு செயல்களே.